பல்லாவரத்திலிருந்து வாசகரைத் தேடியவர்



இந்த மாதம் உங்களில் நாலைந்து பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "ஐயா, எழுதிக்கிட்டேதான் இருக்கேன். பத்துப் பேர் லைக் போடுறாங்க, அவங்களும் படிச்சாங்களான்னு தெரியல. ஆள் சேர்க்கிறது எப்படி?" இதற்கு யூடியூபில் ஆயிரம் யோசனை கிடைக்கும். எந்த நேரத்தில் போட வேண்டும், எத்தனை படம் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம் வரலாறு. அதில் உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அதுவும் நம் தாம்பரம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. பதிவு நீளம்தான். ஞாயிற்றுக்கிழமைக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கிண்டியிலிருந்து சைதாப்பேட்டைக்குள் நுழையும்போது அடையாற்றைக் கடக்கிறோமே, அந்தப் பாலத்துக்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர். தெற்கே போனால் கூடுவாஞ்சேரியைத் தாண்டி மறைமலைநகர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகும் இந்தப் பெயருக்கு உரியவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பல்லாவரத்தில் வாழ்ந்தார். தாம்பரத்திலிருந்து மூன்றாவது நிலையம். தனித்தமிழ் இயக்கம் கண்டவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது அவருடைய இன்னொரு பக்கம். சம்பளம் நின்றுபோன ஒரு தமிழாசிரியர், ஒரு சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு தன் எழுத்துக்கு எப்படி வாசகர்களைத் திரட்டினார் என்ற கதை.

வேதாசலம் என்ற பெயரோடு 1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்தார். அங்கே நாராயணசாமிப் பிள்ளை என்ற தமிழறிஞர் புத்தகக் கடை வைத்திருந்தார். அவரிடம்தான் பையன் தமிழ் படித்தான். பாடம் சொல்பவரும் புத்தகம் விற்பவரும் ஒருவரே! ஒரு புத்தகம் எழுதுபவன் கையிலிருந்து படிப்பவன் கைக்கு எப்படிப் போகிறது என்பதைச் சின்ன வயதிலேயே பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது.

அப்போது நாகையில் 'நீலலோசனி' என்று ஒரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் வேதாசலம் 'முருகவேள்' என்ற புனைபெயரில் எழுதினார். சைவ சித்தாந்தப் பேச்சாளர் சோமசுந்தர நாயகரை மறுத்துச் சிலர் எழுதியபோது, நாயகர் பக்கம் நின்று இந்த இளைஞர் பதில் எழுதினார். அதைப் படித்த நாயகர், யார் இந்த முருகவேள் என்று தேடி அறிந்தார். அந்தத் தொடர்பு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது. 1897-இல் ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 'சித்தாந்த தீபிகை' இதழைத் தொடங்கியபோது, அதன் தமிழ்ப் பதிப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேதாசலத்துக்குக் கிடைத்தது. அப்போது வயது இருபத்தொன்று.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அவருக்கு முதல் வாசகர்கள் கிடைத்தது தன் சொந்த இதழில் இல்லை. வேறொருவர் நடத்திய இதழில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு விவாதத்தில் போய்க் கலந்துகொண்டார். சொல்ல வேண்டியதைப் படித்துவிட்டுச் சொன்னார். நம்மில் பலர் நம் பக்கத்தில் எழுதிவிட்டு யாராவது வருவார்கள் என்று வாசலில் காத்திருக்கிறோம். பேச்சு நடக்கிற இடத்துக்கு முதலில் நாம் போக வேண்டும்.

1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அங்கே தமிழ்த் துறையில் இருந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், நாம் பரிதிமாற்கலைஞர் என்று படிக்கிறோமே அவர்தான். அன்று அந்தக் கல்லூரி உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரம் காட்டுக்கு அது வந்தது 1937-இல்தான்.

வேலையில் இருந்தபோதே, 1902-இல், 'ஞானசாகரம்' என்ற சொந்த இதழைத் தொடங்கினார். 1905-இல் சைவ சித்தாந்த மகா சமாசம் உருவானபோது முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சைவ சபைகள் இருந்தன. தூத்துக்குடிச் சபை 1883-லேயே தொடங்கியது. ஆண்டு விழா, சொற்பொழிவு, விவாதம் என்று இந்தச் சபைகள் கூடும். இன்றைய வாட்ஸ்அப் குழுவையும் பேஸ்புக் குழுவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே வருபவர் வேட்டி கட்டி, நடந்து வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்!

1911-இல் இடி விழுந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமல் போனது. தமிழ் படிக்க மாணவர் குறைந்தால் ஆசிரியர் எதற்கு? பதின்மூன்று ஆண்டு பார்த்த வேலை முடிந்தது. முப்பத்தைந்து வயது, பெரிய குடும்பம். அந்த ஆண்டே பல்லாவரத்துக்குக் குடிவந்தார், காவி உடுத்தார், சமரச சன்மார்க்க நிலையம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அது பொதுநிலைக் கழகம் ஆயிற்று.

அன்றைய பல்லாவரத்தை இன்றைய கூட்டத்தை வைத்து நினைக்காதீர்கள். மின்சார ரயில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடத் தொடங்கியதே 1931-இல்தான். அவர் வந்தபோது கரி வண்டி. அச்சகமும் பத்திரிகையும் பதிப்பாளர்களும் இருந்தது பட்டணத்தில். அங்கே இருந்தவர்களுக்கே இதழ் நடத்துவது கடினம். இவர் ஒதுங்கி வந்து என்ன செய்ய முடியும்?

மூன்று வழிகள் அவருக்குத் துணை நின்றன. தபால், ரயில், மேடை.

தபாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1877-இல் வி.பி.பி. வந்தது. 1879-இல் காலணா போஸ்ட் கார்டு. 1880-இல் தபால் நிலைய மணியார்டர். இந்த மூன்றும் சேர்ந்து தமிழ்ப் புத்தக உலகத்தையே மாற்றின. ஒரு கிராமத்து வாசகர் காலணாக் கார்டில் "இன்ன புத்தகம் அனுப்புக" என்று எழுதிப் போட்டால் போதும். தபால்காரர் பொட்டலத்தோடு வருவார், பணத்தை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுப்பார், பணம் பதிப்பாளருக்குப் போய்விடும். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே சர்க்கார் நின்று நம்பிக்கை கொடுத்தது. புத்தகக் கடையே இல்லாத ஊரிலும் வாசகர் இருக்க முடிந்தது, கடைத்தெருவே இல்லாத ஊரிலிருந்தும் புத்தகம் விற்க முடிந்தது.

ஆனால் அந்த வாசகருக்கு எழுத்தாளரின் பெயரும் முகவரியும் எப்படித் தெரியும்? அதற்குத்தான் ரயிலும் மேடையும். அடிகள் தமிழ்நாடு முழுக்கச் சபைகளுக்குப் போய்ப் பேசினார். கடல் கடந்து இலங்கைக்கும் போனார். இனிய குரல், கணீரென்ற பேச்சு, நடுவே பாட்டு என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பேச்சைக் கேட்கிறார், வீட்டுக்குப் போய் இதழுக்குச் சந்தா அனுப்புகிறார், இதழின் வழியே புத்தகம் வாங்குகிறார், பிறகு தன் ஊருக்குப் பேச அழைக்கிறார். ஒரு வட்டம் பூர்த்தியாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மனிதரின் பெயரும் ஊரும் எழுத்தாளருக்குத் தெரிந்துவிடுகிறது.

பல்லாவரத்திலேயே அச்சுக்கூடமும் வந்தது. 'பல்லாவரம், டி.எம். அச்சுக்கூடம்' என்று அவருடைய பழைய புத்தகங்களின் முகப்பில் பார்க்கலாம். எழுதுவது, அச்சடிப்பது, அனுப்புவது மூன்றும் ஓர் ஊரில்.

அடுத்தது, எழுத்தைத் திருத்திக்கொண்டே இருந்தது. 1916 வாக்கில் தனித்தமிழ் கொள்கையை எடுத்தார். வேதாசலம் மறைமலை ஆனார், ஞானசாகரம் 'அறிவுக்கடல்' ஆனது. மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாட்டில் வரும் 'தேகம்' என்ற சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் பிறந்தது இந்த முடிவு என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு வடசொல் கலந்து எழுதி அச்சான தன் சொந்தப் புத்தகங்களை, மறுபதிப்பு வரும்போதெல்லாம் சொல் சொல்லாகத் திருத்தினார். ஒரு முறை வெளிவந்துவிட்டது, வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. நீங்கள் ஐந்து வருடத்துக்கு முன் எழுதியதை இன்று எடுத்துப் பாருங்கள். நல்ல விஷயம் இருக்கும், நாலு வாக்கியம் தடுக்கும். அதைச் செப்பனிட்டு மறுபடி கொடுங்கள். புதிதாகப் பத்து எழுதுவதைவிடச் சில சமயம் அது பெரிய வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் இதழின் பெயரையும் மொழியையும் நடுவழியில் மாற்றுவது துணிச்சலான காரியம். பழகிய வாசகர் விலகிப் போகலாம். கடும் தமிழ் என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு. இதற்கு அவர் கையாண்ட வழி எனக்குப் பிடிக்கும். நடையைத் தளர்த்தவில்லை, வாசல்களைப் பெருக்கினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதிய அதே கை, உணவைப் பற்றியும், நூறாண்டு வாழ்வதைப் பற்றியும், மனித வசியத்தைப் பற்றியும் எழுதியது. சாகுந்தலத்தைத் தமிழாக்கியது, கடித வடிவில் கோகிலாம்பாள் கதையைச் சொன்னது, சிறுவர்களுக்கென்று செந்தமிழில் பாடம் எழுதியது. சங்க இலக்கியம் வேண்டாம் என்பவர், என்ன சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ளவாவது உள்ளே வந்தார். வந்தவர் காதில் நல்ல தமிழ் விழுந்தது. 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்ற பெரிய ஆராய்ச்சி 1930-இல் வந்தபோது அதைப் படிக்கத் தயாராக ஒரு கூட்டம் இருந்தது என்றால், அதன் பின்னால் இத்தனை வருடப் பழக்கம் இருந்தது.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இப்படி அமைந்ததா? இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, கையொப்பம் வாங்கித்தான் பணம் திரட்டினார். புத்தகம் வரும் முன்பே "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டுக் கொடுப்பது அந்த முறை. வீடு வீடாகப் போக வேண்டும். கும்பகோணத்தில் கல்லூரி வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தார்.

பாரதியின் கதை வேறு. 'இந்தியா' இதழ் புதுச்சேரியிலிருந்து வந்தபோது பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். 1910-இல் அது நின்றது. வாசகர் இங்கே, இதழ் அங்கே, நடுவில் வழி அடைபட்டது. பிறகு 1920-இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, பண உதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். நாலு லட்சம் பிரதி! இன்று அதைவிட எவ்வளவோ அதிகம் விற்றுவிட்டது, கணக்கு சரிதான். ஆனால் அன்று பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். எழுத்தில் அவருக்கு என்ன குறை? பத்து வருடம் வாசகரோடு இருந்த கயிறு அறுந்து கிடந்தது, அதுதான் குறை. யாருக்கு எழுதிக் கேட்பது என்ற பட்டியல் கையில் வலுவாக இல்லாதவனுக்குப் பெருங்கவியாக இருந்தாலும் அந்தக் கதிதான் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எதிர்ப்பக்கம் எஸ்.எஸ். வாசன். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கும் முன் அவர் விளம்பரத் தொழிலும் தபால் வழி வியாபாரமும் செய்துகொண்டிருந்தவர். எந்த ஊரில் எந்த மாதிரி மனிதர் தபாலில் பொருள் வாங்குவார் என்ற அறிவோடு பத்திரிகைக்குள் வந்தார். விகடன் வீட்டுக்கு வீடு போனதில் அந்த அறிவுக்கும் பங்கு உண்டு.

மறுபடி பல்லாவரத்துக்கு வருவோம். தனி மனிதர் எவ்வளவுதான் செய்ய முடியும்? பேசப் போனால் எழுத முடியாது, எழுத உட்கார்ந்தால் அனுப்ப முடியாது. அதற்குக் கை கொடுத்தவர்கள் திருநெல்வேலிச் சகோதரர்கள். வ. திருவரங்கம் பிள்ளையும் வ. சுப்பையா பிள்ளையும் 1920-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தொடங்கினார்கள். நீலாம்பிகையைத் திருவரங்கம் பிள்ளை மணந்துகொண்டார். அடிகளின் நூல்கள் கழகத்தின் வழியே பரவின. நல்ல வாசகர் முதலில் வாங்குவார். மிக நல்ல வாசகர் மற்றவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் ஓர் எழுத்தாளருக்கு ஆயுசு முழுக்கப் போதும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும், பாராட்டுரை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அடிகளின் வாசகர் வட்டம் பெரிய அளவில் சைவ சபைகளையும், படித்த வேளாளர் குடும்பங்களையும் சுற்றி அமைந்தது. 'வேளாளர் நாகரிகம்' என்றே ஒரு நூல் எழுதினார். தெரிந்த வட்டத்துக்குள் வாசகரைத் திரட்டுவது எளிது, அந்த வட்டத்தைத் தாண்டுவது கடினம். சுயமரியாதை இயக்கத்தாரோடு சமயத்தைப் பற்றி அவருக்குக் கடும் பிணக்கும் வந்தது. ஆனால் 1937-38-இல் பள்ளியில் கட்டாய இந்தி வந்தபோது இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றன. அவர் மேடைகளில் அதை எதிர்த்துப் பேசினார். 1938-இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் சூட்டினார்களே, அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார். சின்ன வட்டத்தில் பேசிய தமிழ் அப்போது தெருவுக்கு வந்துவிட்டது. நம் எழுத்து நமக்கு 'சபாஷ்' சொல்பவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

1950-இல் அடிகள் மறைந்தார். ஏறக்குறைய நாலாயிரம் புத்தகங்கள் கொண்ட அவருடைய நூலகத்தை வைத்துக் கழகத்தார் 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகத்தைத் திறந்தார்கள். தமிழ் ஆராய்ச்சி செய்த எத்தனையோ பேர் அந்தப் படியேறியிருக்கிறார்கள். அவருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பழைய பதிப்புகளை நீங்கள் கைப்பேசியிலேயே புரட்டலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2003, 2004 வாக்கில் தமிழில் ஒரு பெரிய எழுத்து அலை எழுந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒருங்குறி வந்தது, இ-கலப்பை போன்ற தட்டச்சு வசதி வந்தது, 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. யார் எங்கே எழுதினாலும் ஓரிடத்தில் பார்க்க முடிந்தது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் சேலையூரிலும் இருப்பவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு கூட்டம் பேஸ்புக்குக்கு நகர்ந்தது. கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. அங்கே நூற்றுக்கணக்கில் வாசகர் வைத்திருந்தவர்கள் மறுநாள் காலை யாரை எங்கே தேடுவது? பெயர் தெரியும், முகவரி தெரியாது.

பல்லாவரத்துப் பெரியவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அவருக்குத் தபாலும் ரயிலும் வாகனமாக இருந்தன, ஆனால் வாசகர் பட்டியல் அவர் கையில் இருந்தது. நமக்கு வாகனம் பறக்கிறது, பட்டியல் வாகனக்காரனிடம் இருக்கிறது. அவன் இன்று ஆயிரம் பேருக்குக் காட்டுவான், நாளை பத்துப் பேருக்குக் காட்டுவான், ஏன் என்று கேட்க முடியாது. அதனால் பேஸ்புக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. நானே இங்கேதானே எழுதிக்கொண்டிருக்கிறேன்! அது சபை மேடை. அங்கே பேசுங்கள், கேட்டவரில் பத்துப் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஈமெயிலையோ போன் எண்ணையோ அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதியதன் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை நல்லதை எடுத்துத் திருத்தி, இருபத்தைந்து பிரதியானாலும் அச்சில் போட்டு, ஒன்றைப் பக்கத்து நூலகத்தில் கொடுங்கள். பத்துப் பேர் தானா என்று சோர்ந்து போகாதீர்கள். அந்தப் பத்தில் ஒரு திருவரங்கம் பிள்ளை இருக்கக்கூடும்.

பல்லாவரம் பக்கம் இருப்பவர்கள், அடிகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன செய்தி ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். பழைய 'அறிவுக்கடல்' இதழ் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே நேரில் வந்து பார்க்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.